ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில் ஒன்று

புவனேந்திரனுக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருஷத்தை மலாக்கா நகரை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில், ஒரே கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் கழித்தவர். அங்கே சிப் செய்தார்கள். செய்து முடித்ததைச் சோதிப்பது அவர் வேலை. நல்லது ஒரு தட்டில், கெட்டது ஒரு தட்டில். பிறந்தது ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். பால்மரம் வெட்டிய அப்பா, மகன் வெயில் படாத வேலைக்குப் போகிறான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெயில் மட்டுமல்ல, காற்றும் படாத வேலை அது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிரிவை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எல்லாரையும் கேன்டீனில் கூட்டி, ஆளுக்கொரு கடிதமும் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் கொடுத்தார்கள். அழுதவர்கள் அழுதார்கள். புவனேந்திரன் பொட்டலத்தைப் பிரித்து, நெத்திலி நன்றாகப் பொரிந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதற்குப் பிறகு எது நன்றாகப் பொரிந்திருக்கிறது, எது கருகியிருக்கிறது என்று அவர் கவனித்ததாக அவர் மனைவி கமலவேணிக்கு நினைவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார். கூப்பிட்டால் வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் வாடகைக் கார் ஓட்டினார். ஏறியவர்கள் சொன்ன இடத்தில் இறக்கிவிட்டார்.

"பேச்சுக்கும் எஸ்எஸ்டி வரி போட்டுட்டாங்களா?" என்று கமலவேணி கேட்பாள். அவர் தட்டை எடுத்துக் கழுவி வைப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அலோர் காஜாவில் இந்திராதேவியின் அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. இந்திராதேவி முப்பது வருஷமாகச் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு உதிரிச் சாமான் விற்றவர். ஐம்பத்தைந்து வயதில் புதிதாக ஒன்றில் இறங்கினார்: லாரியில் வந்து கொட்டும் பழக்குலைகளைக் கேமரா பார்த்து, பழுத்தது எது, காய் எது என்று பிரித்துச் சொல்லும் கருவி. கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பழைய உதிரிச் சாமான், மேல்மாடியில் இந்தப் புது வேலை. மேலே இருந்தவர்கள் இரண்டே பேர். மென்பொருள் எழுத ராகினி என்ற இருபத்தாறு வயதுப் பெண். மெஷினைப் பார்த்துக்கொள்ளப் புவனேந்திரன்.

மெஷின் என்றால் பயணப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கணினி. அதற்குள் செங்கல் கனத்தில் ஒரு கிராஃபிக்ஸ் கார்ட். ஒரு படத்தை ஆயிரம் துண்டாக்கி ஆயிரத்தையும் ஒரே நேரத்தில் கணக்குப் போடும் கார்ட் அது. அதைக் கணக்குப் போடச் சொல்ல ஒரு மென்பொருள் தொகுப்பு வேண்டும். ராகினி அதை லைப்ரரி என்பாள். அந்தத் திங்கட்கிழமை காலையில் லைப்ரரியின் புதுப் பதிப்பை ஏற்றினார்கள். ஏற்றியது சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க அதனோடேயே சோதனைகள் வரும். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு.

அந்த வாரத்துக்கு இரண்டு கெடு இருந்தன, இரண்டும் வெள்ளிக்கிழமை. கருவியை வாங்கவிருந்த ஆலைக்குச் சோதனைப் படிவம் போயாக வேண்டும். அதில் சோதித்தவர் என்ற இடத்தில் புவனேந்திரனின் கையெழுத்து. அன்றே அவருடைய எட்டு மாத ஒப்பந்தமும் முடிகிறது. நிரந்தரம் ஆக்குவதைப் பற்றி இந்திராதேவி எதுவும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. பழைய தொழிற்சாலைக் கூட்டாளி சுகுமாரன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் ஓர் அறைக்கு எட்டுப் பேர், வீட்டுக்கு மாதம் இருமுறை.

நாற்பது நிமிஷம் ஓடி முதல் ஓட்டம் நின்றது.

"அண்ணே, இருபத்து மூணு சிவப்பு," என்றாள் ராகினி.

"சூடு பாத்தியா?"

"அம்பத்தெட்டு. ஓகேலா. நீங்கதான் மூடியைக் கழட்டி வச்சிருக்கீங்களே, ஃபேன் வேற."

மாடியில் ஏர்கோன் பலவீனம். அதனால் வந்த முதல் வாரமே அவர் கணினியின் பக்கமூடியைக் கழற்றி, ஒரு நிற்கும் விசிறியை அதன் வயிற்றைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்.

"மறுபடி ஓட்டு," என்றார்.

"மறுபடியா? அதே மெஷின், அதே கோட். மாறவா போகுது?"

"ஓட்டு."

இரண்டாவது முறை பத்தொன்பது. "நாலு குறைஞ்சிருச்சு பாருங்க. இப்படியே ஓட்டிக்கிட்டே இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள பூஜ்யமாயிரும்," என்று ராகினி சிரித்தாள். புவனேந்திரன் சிரிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டில், சிவப்பான சோதனைகளின் எண்களை ஒவ்வொன்றாக எழுதினார். கணினியே பட்டியல் தரும் என்று அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டேயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை டிரைவரைப் பழி சொன்னார்கள். கார்டுக்கும் கணினிக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருள் அது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். இருபத்தேழு சிவப்பு.

புதன்கிழமை ராகினி ஒன்றைக் கண்டுபிடித்தாள். லைப்ரரியின் பழைய பதிப்பை அழித்திருந்தும் அதன் துண்டுகள் வேறொரு ஃபோல்டரில் கிடந்தன. கணினி புதியதைத் தேடிப் போய்ச் சில சமயம் பழையதைத் தூக்கிக்கொண்டு வந்தது. "இதுதான் அண்ணே. நூத்துக்கு நூறு இதுதான்," என்று அவள் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். துண்டுகளைத் துடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றி ஓட்டினார்கள். முப்பத்தொன்று.

அவள் தலையை மேசையில் வைத்துக்கொண்டாள். "எனக்கு அழுகையா வருது. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

புவனேந்திரன் யோசித்துப் பார்த்தார். கேட்டதற்காக, உண்மையாகவே யோசித்தார். "இல்ல," என்றார்.

அன்று சாயங்காலம் பாயா ரும்புட்டில் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதே சுகுமாரன் அழைத்தான்.

"என்னாடா, முடிவு பண்ணிட்டியா? சுப்பர்வைசர் டெய்லி கேக்குறான். ஒன் கூட்டாளி உசுரோட இருக்கானா இல்லையான்னு."

"சனிக்கிழமை சொல்றேன்."

"இப்பவே சொல்லித் தொலையேன். அங்க ஒனக்கு என்னா, தங்கமா குடுக்குறாங்க?"

"பாக்குறேன்."

சாப்பாட்டு மேசையில் கமலவேணி எதுவும் கேட்கவில்லை. மகள் அகல்யாதான், பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் படிப்பவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அப்பா, போறீங்களா?"

"ஒங்கம்மா என்ன சொல்றா?"

"எனக்கு என்ன, ஒங்க இஷ்டம்," என்றாள் கமலவேணி. ஆறு வாரமாக அதையே சொல்லி வந்தாள். முதலில் சொன்னபோது அதில் கோபம் இருந்தது. இப்போது உப்பை நகர்த்தி வைப்பதுபோல் சொன்னாள். புவனேந்திரன் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். கைகழுவும்போதுதான் அது ரசமில்லை, மோர்க்குழம்பு என்று தெரிந்தது.

வியாழக்கிழமை காலை, பசியாறிவிட்டு ராகினி மேலே வந்தபோது, அவர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பட்டியலுக்குப் பட்டியல் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு சிப் ஒருமுறை தோற்றால் அதைக் குப்பையில் போடமாட்டார்கள். மூன்று முறை ஒரே இடத்தில் தோற்க வேண்டும். அப்போதுதான் குற்றம் சிப்பில். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தோற்றால், சோதிக்கிற மெஷினைத் திறந்து பார்க்க வேண்டும்.

"நாலு ஓட்டம். மொத்தம் நூறு சிவப்பு," என்றார். "நாலுலயும் வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஆயிரத்து எழுநூத்து ரெண்டாவது. மத்ததெல்லாம் ஓட்டத்துக்கு ஓட்டம் வேற வேற."

ராகினி நோட்டின் மேல் குனிந்தாள்.

"இன்னொண்ணு பாரு. முதல் அறுநூறுல ஒரு சிவப்பும் இல்ல. ஒரு தடவைகூட இல்ல. போகப் போகத்தான் கூடுது."

"அப்ப சூடு," என்றாள் அவள். "ஆனா நான்தான் பாத்தேனே. அம்பத்தெட்டு."

"முடிஞ்சப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தே. ஓடுறப்ப பாக்கல. நானும் சொல்லல."

இந்த முறை ஓடவிட்டு, திரையின் மூலையில் சூட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஐம்பத்தெட்டு எழுபதாயிற்று. எழுபது எண்பத்து மூன்று. அறுநூறாவது சோதனை தாண்டியபோது தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றேழில் முதல் சிவப்பு விழுந்தது.

"அலாமாக்," என்றாள் ராகினி. "ஃபேன் நல்லாத்தானே சுத்துது?"

புவனேந்திரன் மின்சாரத்தை நிறுத்தி, கார்ட் ஆறும்வரை காத்திருந்து, திருகாணிகளைக் கழற்றினார். சூட்டை வெளியே தள்ளுவதற்காக அதன் முதுகில் சீப்புப் பற்கள்போல நெருக்கமாக அலுமினியத் தகடுகள் இருக்கும். பற்கள் தெரியவில்லை. பழுப்பு நிறத்தில், கம்பளித் துணியைக் கத்தரித்து ஒட்டினாற்போல ஒரு படலம் மூடியிருந்தது. வெறும் தூசியாக இருந்தால் ஊதினால் பறக்கும். இது விரலில் பிசின்போல ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னா அண்ணே அது?"

அவர் விரலை அவளிடம் நீட்டினார். அவளும் மோந்து பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவர் மூலையில் இருந்த சாமி படத்தைப் பார்த்தார்கள்.

சாம்பிராணி. வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்கு இந்திராதேவி கீழே தூபக்காலில் கரி மூட்டி, சாம்பிராணிப் பொடி தூவிக் கொடுப்பார். கீழ்த்தளம் முழுக்க அவரே காட்டுவார். முட்டி வலியால் மாடிப்படி ஏற மாட்டார். "மேல நீங்க காட்டிருங்க தம்பி," என்று புவனேந்திரன் கையில் கொடுத்துவிடுவார். அவர் மேலே கொண்டுவந்து, சாமி படத்துக்குக் காட்டி, மேசைகளுக்குக் காட்டி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினை விடக்கூடாதென்று அதற்கு மூன்று சுற்றுச் சுற்றுவார். மூடி கழற்றிய மெஷின். பின்னால் நின்று புகையை அப்படியே அதன் வயிற்றுக்குள் தள்ளும் விசிறி. எட்டு மாதம். முப்பத்து நாலு வெள்ளிக்கிழமை.

யாரோ ஒரு விவரம் தெரியாத ஆள் செய்திருந்தால் சரி. இருபத்திரண்டு வருஷம் தூசில்லா அறையில் வேலை செய்தவர் அவர். தலை முதல் கால்வரை மூடும் வெள்ளை உடுப்பைப் போடுவதற்கு முன்னால் வாசலில் ஒரு மேசை. அதன்மேல் ஈரத்தாள் பெட்டி. பெண்கள் பவுடரைத் துடைப்பார்கள். தமிழ் ஆட்கள் நெற்றித் திருநீற்றைத் துடைப்பார்கள். ஒரு துகள் போதும், ஒரு தட்டு சிப் போய்விடும் என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூபக்காலைக் கையில் வாங்கியபோது அது அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் இருந்திருக்கும். கண் பார்த்தது, மூக்கு மோந்தது. உள்ளே யாரும் எழுந்து வந்து கதவைத் திறக்கவில்லை.

"பாவம் மேடம். சொன்னா ரொம்ப வருத்தப்படுவாங்க," என்றாள் ராகினி.

"காட்டினது நான்."

மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்தார். மென்மையான பல்துலக்கி நாலு. ஒவ்வொரு பல்லாகத் துலக்கி, ஊதி, மறுபடி துலக்கினார். பிசின் முதலில் பழுப்பாகவும் பிறகு தேநீர் நிறத்திலும் இறங்கியது. சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதியதைத் தடவினார். ராகினி சாப்பிடக் கூப்பிட்டாள். பிறகு அவளே போய்விட்டு வந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மணி மூன்று. விசிறியைத் தள்ளி வைத்து, பக்கமூடியைப் பூட்டி, ஓடவிட்டார்.

சூடு எழுபத்தொன்றைத் தாண்டவில்லை. பச்சை, பச்சை, பச்சை என்று போய்க்கொண்டேயிருந்தது. கடைசியில் ஒன்று மட்டும் சிவப்பு. ஆயிரத்து எழுநூற்று இரண்டாவது.

ராகினி அதன் விவரத்தைத் திறந்து படித்தாள். இரண்டு கார்ட் இருந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றிக் கொடுக்க முடிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. இவர்களிடம் இருந்தது ஒரு கார்ட்.

"இது ஃபெயிலே இல்ல அண்ணே. நமக்கு வேணாத டெஸ்ட். ஸ்கிப்னு ஒரு வார்த்தை போட்டா ரிப்போர்ட் முழுக்கப் பச்சையா வந்துரும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"ஸ்கிப் பண்ணினோம்னு படிவத்துல எழுத இடம் இருக்கா?"

"இல்ல. பாஸ் எத்தனை, ஃபெயில் எத்தனை, அவ்வளவுதான்."

"அப்ப ஒண்ணுன்னு போடு."

"அண்ணே, நாளைக்கு ஒங்க கான்ட்ராக்ட் முடியுது. மேடம் பூஜ்யம்தான் எதிர்பாக்குறாங்க. ஏன் இப்ப போயி..."

அவர் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார். தேறியவை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து. தோற்றது ஒன்று. கீழே காரணமும் எழுதினார். அதற்கும் கீழே, கேட்கப்படாத இடத்தில், கார்ட் சூடானதற்குக் காரணம் சாம்பிராணிப் புகை என்றும், அதைக் காட்டியவர் தான்தான் என்றும் மலாய் மொழியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை படிவத்தை இந்திராதேவியின் மேசையில் வைத்துவிட்டு நின்றார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். கடைசி இரண்டு வரியை இரண்டு முறை படித்தார்.

"மெஷின் ரோசாக்கா? கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. தொடச்சாச்சு. நல்லா ஓடுது."

"எட்டு மாசமா சாமிக்குன்னு நினைச்சுக்கிட்டு மெஷினுக்கு ஊட்டியிருக்கோம்," என்றார் இந்திராதேவி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாது, சரி. ஒங்களுக்குத் தெரியும்ல? அந்தப் பெக்டரியில அத்தனை வருஷம் இருந்தவரு. ஏன் தம்பி சொல்லல?"

"குடுத்தீங்க. காட்டினேன்."

"கெணத்துல குதின்னா குதிச்சிருவீங்களா?"

அது கேள்வியா என்றுகூடப் புவனேந்திரனுக்கு நிச்சயமில்லை.

"இந்த ஒண்ணு என்னா? ஆலைக்காரங்க கேப்பாங்களே."

"கேட்டா உள்ளதைச் சொல்லலாம்கா. ரெண்டு கார்டுக்கான டெஸ்ட். நம்மகிட்ட ஒண்ணுதான்."

"இன்னொரு கார்ட் வாங்கினா பாஸாகுமா?"

"வாங்கிப் பாத்தாத்தான் தெரியும்."

இந்திராதேவி படிவத்தை உறையில் போட்டு ஒட்டினார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. உதிரிச் சாமானுக்கு ரசீது ஒட்டுகிற அதே கை. பிறகு இழுப்பறையைத் திறந்து வேறொரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார், அவர் பக்கம் தள்ளாமல்.

"இது ஒங்களுக்கு. நிரந்தரம். அடிச்சு வச்சு மூணு வாரமாச்சு."

புவனேந்திரன் கடிதத்தைப் பார்த்தார். தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது.

"குடுக்கலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். ஒங்க மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியல. சிங்கப்பூருக்குப் போறீங்கன்னு ராகினி சொன்னா. சரி, போற ஆளை ஏன் புடிச்சு வைக்கணும்னு உள்ள வச்சிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அவர் கடிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "இப்பக்கூட நீட்டினா வாங்கிக்குவீங்க. அது தெரியும். சாம்பிராணியக் குடுத்தா காட்டுவீங்க, கடுதாசியக் குடுத்தா வாங்கிக்குவீங்க. எனக்கு அப்படி வேணாம் தம்பி. வேணுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

கீழே லாரி ஒன்று பின்வாங்கி நிற்கும் சத்தம் வந்தது. புவனேந்திரன் ராகினிக்காக யோசித்ததுபோலவே இதற்கும் யோசித்தார். உள்ளே தேடினார். சந்தோஷம் ஏதும் அகப்படவில்லை. பயம் இருந்தது. எட்டுப் பேர் படுக்கும் அறையில் தன் கட்டில் எந்த மூலையில் இருக்கும் என்று எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது. மேல் கட்டில், கதவுப் பக்கம். நேற்று துலக்கிய மூன்று மணி நேரமும் இருந்தது. அதை என்னவென்று சொல்வது. பசிக்கவில்லை, அவ்வளவுதான். துலக்கி முடித்த பிறகும் கை கொஞ்ச நேரம் துலக்குவதற்கு வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"வேணும்," என்றார்.

"என்னா வேணும்?"

"வேலை. இங்கேயே. நிரந்தரமா." படிவத்தை வாய்விட்டுப் படிப்பதுபோல இருந்தது குரல். அதற்கு மேல் அதை மாற்ற அவருக்குத் தெரியவில்லை.

இந்திராதேவி கையை எடுத்தார். "இதுக்கு எட்டு மாசம்," என்றார். "ஒங்க ஐசி அடையாளக் கார்டு காப்பி ரெண்டு கொண்டாங்க. பக்கத்துக் கடையில எடுக்காதீங்க, மூஞ்சி கறுப்பா விழும். பேங்க் பக்கத்துல போங்க. இன்னைலேருந்து புகையக் கீழயே நிறுத்திக்கலாம்."

நடைபாதைக்கு வந்ததும் சுகுமாரனை அழைத்தார்.

"வரலடா."

"ஏன்டா? பொண்டாட்டி விடலையா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் வரல."

"சரி போ. அந்தச் சுப்பர்வைசர்கிட்ட ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறேன்," என்று சுகுமாரன் வைத்துவிட்டான்.

கமலவேணிக்கும் சொல்லலாம் என்று எண்ணை எடுத்தார். காலையில் அவள் வேலை செய்யும் கிளினிக்கில் கூட்டம் இருக்கும். 'இங்கேயே இருக்கேன்' என்று மட்டும் அடித்து அனுப்பினார். அவள் படித்துவிட்டதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. பிறகு, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வங்கிக்குப் பக்கத்து போட்டோஸ்டேட் கடையில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அவர் ஐசியை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு நான்காவதாக நின்றார்.